வண்டி புதைந்த இடத்தைக் காட்டு

டயர் வாங்கப் போனால் கடைக்காரர்கள் என்ன வண்டி, என்ன அளவு, என்ன கம்பெனி என்று கேட்பார்கள். பாம்பன் பாலம் தாண்டி அக்காள்மடத்தில், மெயின்ரோட்டு ஓரத் தகரக் கொட்டகையில் டயர்க்கடை வைத்திருந்த அந்த அக்கா இதில் ஒன்றையும் கேட்டதில்லை. "எங்கன பொதைஞ்சுச்சு?" என்பார். இன்ன இடம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "வாயால சொல்லாத தம்பி. எடத்தைக் காட்டு, வாரேன்." சாவிக்கொத்தை, உள்ளே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும் கணவர் பக்கம் வீசிவிட்டு, மூலையில் சாத்தியிருக்கும் மூங்கில் கம்போடு, வந்தவருடைய வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அந்தக் கம்பு தோணி தள்ளும் கழியில் பாதியை அறுத்து எடுத்தது. இஞ்ச் இஞ்சாகச் சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டிருப்பார். மணலில் குத்திப் பார்ப்பது, சக்கரம் தோண்டிய குழியில் இறக்கிப் பார்ப்பது, வண்டிக்கு அடியில் விட்டுப் பார்ப்பது எல்லாம் அதை வைத்துத்தான். சேலைக்கு மேல் கணவருடைய காக்கிச் சட்டை போட்டிருப்பார். ஆள் குள்ளம், ஜீப்பில் ஏற இரண்டு தடவை எம்ப வேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் பத்து வயது குறைந்துவிடும். "விடு, விடு, போவோம்" என்று முன்பலகையைத் தட்டுவார். எத்தனையோ வண்டிகளில் போனவர்தான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திருவிழாவுக்குக் கிளம்பியவர் மாதிரியே இருப்பார்.

தொண்டியிலிருந்து ஒரு மீன் வியாபாரி அவரைத் தேடி வந்த கதையை அந்த பாயே என்னிடம் சொன்னார். நான் முதன்முதலில் அந்தக் கடைக்குப் போன அன்று, ஒரு பை நிறையக் கருவாட்டோடு அவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நாலு நாளைக்கு ஒருக்க என் லோடு வண்டி கரையில பொதைஞ்சிரும் தம்பி. பின்னால ரெண்டு பெரிய டயராப் போட்டுருவோம்னு இங்கன வந்தேன். இந்தத் தங்கச்சி தொண்டிக்கே வந்துருச்சு. கரையில உக்காந்து நான் மீன் ஏத்துறதை ஒரு மணி நேரம் பாத்துச்சு. கடைசியில கேட்டுச்சு பாருங்க, 'பாய், வண்டி மூஞ்சியை எதுக்குக் கடல் பக்கம் வச்சு நிப்பாட்டுறீக?'ன்னு."

"எதுக்கு பாய்?" என்று நானும் கேட்டேன்.

"படகு வர்றதைப் பாக்கத்தான். சீட்டுல உக்காந்தவாக்குலயே பாத்துருவேன்ல!"

படகு வந்ததும் லோடு ஏற்றுவார். முழுப் பாரத்தோடு அந்த மணல் மேட்டில் வண்டியைப் பின்பக்கமாகவே ஏற்றுவார், புதையும். காலி வண்டியாக வரும்போதே திருப்பி நிறுத்திவிட்டு, படகு பார்க்க வேண்டுமானால் இறங்கி நின்று பாருங்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதோடு புதைவது நின்றது, டயரும் விற்கவில்லை. "இருவது வருசமா ரிவர்ஸ்லயே மேடு ஏறிருக்கேன் தம்பி! அல்லா இந்த அறிவை எனக்குக் குடுக்காம இதுக்குக் குடுத்துட்டான்" என்று பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்காவின் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "டயர் வித்தா இவ மூஞ்சியில இம்புட்டு வெளிச்சம் இருக்காது" என்று ட்யூபைப் பார்த்துச் சொன்னார்.

அதற்காக விற்கவே மாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. மதுரைப் பக்கத்திலிருந்து நான்கு பேர் பளபளவென்று ஒரு வண்டியில் வந்து, இருப்பதிலேயே பெரிய டயராகக் கேட்டார்கள். அக்கா ஒரு முன்சக்கரத்தை மட்டும் பெரிய கல்லின்மேல் ஏற்றச் சொல்லி, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பச் சொன்னார். இருக்கிற டயரே மட்கார்டை உரசியது. "இதுக்கே எடம் இல்ல, இதைவிடப் பெருச எங்கன வைக்க?" என்றார். மட்கார்டை வெட்டிவிடலாம் என்றான் ஒருவன். "வெட்டு. வேற கடையில போயி வெட்டு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து அதே நான்கு பேரும் வந்து, அவர் சொன்ன அளவில் நான்கு டயர் வாங்கிப் போனார்கள். நடுவில் என்ன நடந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இனி என் கதை. அதில் என் கிறுக்குத்தனம்தான் முக்கால்வாசி.

எங்கள் ஊர் அபிராமத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மிளகாயும் பருத்தியும் போடுகிற கரிசல் காடு. என் தங்கை செல்விக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் மெலிந்துவிட்டது. கம்பி பூட்டிய செருப்போடு நடப்பாள். வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் பால்வாடி டீச்சராக அவளுக்கு வேலை கிடைத்தபோது வீடே கூத்தாடியது. கோடையில் பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் காட்டுப்பாதை வழியே போய்விடுவாள். மழைக்காலத்தில் அந்தப் பாதை களியாகிவிடும். சுற்றிப்போகும் தார்ச்சாலையில் இருக்கிற தரைப்பாலமோ ஊரில் முதலில் முழுகுகிற பொருள். போன மழைக்கு அவள் போக முடியாத நாட்கள் நிறைய. மேற்பார்வைக்கு வரும் அதிகாரியம்மா, "பிள்ளைகளுக்கு மழைன்னு பசிக்காம இருக்குமா? இந்த வருசமும் பூட்டிக் கிடந்தா வேற ஆளைப் போட எழுதிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் செல்விக்கு இன்னும் வலித்தது.

தங்கச்சிக்காக ஜீப் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் ராத்திரியும் பகலும் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த வீடியோக்கள். ஆள் உயர டயர் மாட்டிய ஜீப்புகள் ஆற்றில் இறங்கி மலையில் ஏறும். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கும். தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை வரும்முன் மணலில் ஆள் ஏற்றிப்போன ஜீப் ஒன்று தீவில் விலைக்கு வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. விற்றவர், "டயரு சோலியெல்லாம் அந்த அக்காகிட்ட வச்சுக்கங்க" என்று அக்காள்மடத்துக்கு வழி காட்டினார். அப்படித்தான் அந்தக் கருவாட்டு நாளில் நான் அங்கே போய் நின்றது.

"நாலு இஞ்ச் தூக்கணும்க்கா. டயர் இம்புட்டு அகலமா வேணும்" என்று கையை விரித்துக் காட்டினேன்.

"எங்கன ஓட்டப் போறே?"

"கரிசக் காடு. அபிராமம் பக்கம்."

"நான் கரிசலைப் பாத்ததே இல்லையே தம்பி. எடத்தைக் காட்டு, வாரேன்."

நூறு கிலோமீட்டர் கூட்டிப்போய்ச் சேற்றைக் காட்ட வேண்டுமாம்! எனக்குப் பொறுமை இல்லை. சரி சரி என்று சொல்லிவிட்டு, நேராக வேறொரு பட்டறைக்குப் போனேன். நான் கேட்டதையெல்லாம் அவர்கள் ஒரு கேள்வி இல்லாமல் செய்தார்கள். ஸ்பிரிங் பட்டைகளுக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து நாலு இஞ்ச் தூக்கினார்கள். அகல டயர் மாட்டினார்கள். ஊருக்குள் ஓட்டி வந்தபோது பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தன. எங்கள் அய்யா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து, "ஏலே, இதுல ஏற ஏணி தருவாங்களா?" என்று கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு நான் இருந்த இருப்பு அப்படி.

புரட்டாசியில் ஒரு முன்மழை பெய்தது. மறுநாள் காலை செல்வியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வண்டியில் உட்கார வைத்தோம். கண்மாய்க் கரை தாண்டியதும் டயருக்குக் கரிசல் மண் அப்ப ஆரம்பித்தது. பத்து அடி போவதற்குள் சக்கரம் இரண்டு மடங்கு பெருத்தது. இன்னும் பத்து அடியில், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் திணிந்து சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. இஞ்சின் கத்துகிறது, வண்டி அசையவில்லை. செல்வியால் அந்த உயரத்திலிருந்து இறங்கவும் முடியவில்லை. மிளகாய்க் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த காளியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் வந்து, கைகளைக் கோத்து நாற்காலி மாதிரி பிடித்து அவளை இறக்கினார்கள். அன்றைக்குப் பால்வாடி திறக்கவில்லை.

"அண்ணே, வண்டியைத் தூக்கிட்ட. என்னை யாரு தூக்குவா?" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எட்டு ஊருக்குக் கேட்கிற வாய் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும்! வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐப்பசி மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மூன்றாம் நாள் அக்காள்மடத்துக்குப் போன் போட்டேன். திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "பொதைஞ்சிருச்சா!" என்று கூவினார். அவ்வளவு சந்தோசம் குரலில். "மண்ணைக் காயவிடாத, நாளைக்கு முத பஸ்ஸுல வாரேன்" என்றார். சேறு காயாமல் இருக்க நான் என்ன செய்ய முடியும்? ஆனாலும் சாயங்காலம் போய் அந்தக் குழியைச் சாக்கால் மூடிவிட்டு வந்தேன்.

கம்போடு பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குக்கூட வரவில்லை. நேரே பாதைக்கு நடந்தார். களியில் முதல் எட்டு வைத்ததும் ஒரு செருப்பு மண்ணோடு நின்றுவிட்டது, அடுத்த எட்டில் அடுத்த செருப்பு. நடுக்காட்டில் வெறுங்காலோடு நின்று கைகொட்டிச் சிரித்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தார்.

"எங்க மண்ணு ஓடுற மண்ணு. கால வச்சா வெலகும். இது ஒட்டுற மண்ணு. எனக்கு இதைத் தெரியாது தம்பி" என்றார்.

அறுபது கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லாம் தெய்வ வாக்கு மாதிரி கேட்கிற ஆள், ஒரு வெட்கமும் இல்லாமல் தெரியாது என்கிறார். நேரே காளியம்மாளிடம் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

"அத்தாச்சி, இதுல கெட்டித் தரை எம்புட்டு ஆழத்துல இருக்கும்?"

"ஒரு சாணுக்குக் கீழ கெட்டிதான் தாயி. மேல உள்ளதுதான் அல்வா மாதிரி கெடக்கும். மம்பட்டியப் போட்டா, வெட்டுற நேரத்தைவிட வழிக்கிற நேரந்தான் அதிகம்."

"களைக்கொத்திக்கும் இப்படித்தான் ஒட்டுமா?"

"அதுல அம்புட்டு ஒட்டாது. சின்ன மூஞ்சில்ல."

அக்கா எழுந்தார். ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் களைக்கொத்தி. சேற்றில் மாறி மாறிக் கொத்த ஆரம்பித்தார். மண்வெட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு கூடை மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தது. களைக்கொத்தி மெலிசாக உள்ளே இறங்கி, அடியில் கெட்டித் தரையில் 'ணங்' என்று முட்டி, கொஞ்சம் மண்ணோடு வெளியே வந்தது. நாலைந்து தடவை கொத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ போட்ட டயரு மம்பட்டி. உனக்கு வேண்டியது களைக்கொத்தி" என்றார்.

ஒரு மாதமாக வீடியோவில் தேடியது வரப்பு ஓரமாகக் கிடந்திருக்கிறது! அகலம் பழைய அளவு போதும், உயரம் மட்டும் கொஞ்சம் கூட வேண்டும். மேல் மண்ணை வெட்டிக்கொண்டு போய்க் கெட்டித் தரையைப் பிடிக்க வேண்டும். மணலுக்கு இதற்கு நேர் எதிர் என்று அக்கா சொன்னார். அங்கே காற்றை இறக்கி, டயரை அகலப் பரப்பி, மேலேயே மிதந்து போக வேண்டுமாம்.

"அப்ப நாலு இஞ்ச் தூக்குனது?"

"எதுக்குத் தூக்குறோம்? ஊரு பாக்கவா? இந்த மண்ணு திணியாம வெளிய விழுகத்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு கைமுட்டி போகணும், அம்புட்டுத்தான்."

அடுத்து அவர் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. வீட்டுக்கு வந்து, செல்வியை எழுந்து நிற்கச் சொன்னார். டயருக்கு அளவெடுக்கிற அந்தக் கம்பை அவள் வலது காலை ஒட்டி நிறுத்தினார்.

"தங்கச்சி, அந்தச் சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கால எம்புட்டு ஒசரம் தூக்க ஏலும்? யாரும் பிடிக்கக் கூடாது. இழுத்துப் பிடிச்சுத் தூக்காத, தெனம் தூக்குற மாதிரி தூக்கு."

செல்வி தூக்கினாள். அக்கா கோட்டை எண்ணினார். "இன்னொருக்க." மறுபடி எண்ணினார். ஐந்து தடவை தூக்கச் சொல்லி, அதில் குறைந்த அளவை எடுத்துக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்து ஒரு குச்சியால் கணக்குப் போட்டார். டயர் இரண்டு இஞ்ச் உயரம் கூடினால் வண்டி ஒரு இஞ்ச்தான் ஏறும், ஏனென்றால் பாதி அச்சுக்கு மேலே போய்விடும். அதோடு பட்டையில் இரண்டு இஞ்ச் தூக்கல். ஆக மொத்தம் மூன்று. அந்த மூன்றையும் செல்விக்குத் திருப்பிக் கொடுக்க, அவள் கால் உயரத்துக்கு ஒரு இரும்புப் படி.

"மூணுதானா?" என்று நான் இழுத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு ஆசை விடவில்லை.

"மூணுக்கு மேல ஏத்துனா இவ ஏற மாட்டா. ரெண்டுக்குக் கீழ எறக்குனா மண்ணு விடாது. நடுவுல இருக்க எடத்துலதான் உன் தங்கச்சி வேலை இருக்கு" என்றார்.

சாப்பிடும்போது செல்வி அவரிடம், எல்லோரையும் ஏன் இடத்தைக் காட்டச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கடை போட்ட புதுசுல ஒருத்தரு மேட்டு மணலுன்னு வாயால சொன்னாரு. நானும் நம்பிப் போட்டுக் குடுத்தேன். அவரு ஓட்டுனது கடத்தண்ணி ஏறி எறங்குற சேத்துல. பொதைஞ்ச வண்டியைக் கண்ணு முன்னாலயே கடலு எடுத்துக்கிச்சு. ஆளு நீந்திக் கரையேறிட்டாரு."

"உங்களைத் திட்டுனாரா?"

"திட்டியிருந்தா மறந்துருப்பேன். அடுத்த வண்டிக்கும் என்கிட்டயே டயர் வாங்க வந்தாரு." சொல்லிவிட்டு மோர் கேட்டார். அந்தச் சிரித்த முகத்துக்குள் இப்படி ஒன்று கிடக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு வாரத்தில் அக்காள்மடத்தில் வேலை முடிந்தது. இரும்புக் கட்டைகளைக் கழற்றி எறியச் சொன்னார். அதிக வளைவு உள்ள புதுப் பட்டைகள் வந்தன. நான்கு சக்கரத்தையும் அந்தரத்தில் தொங்கவிட்டு, பிரேக் ஓஸ் குழாய் இழுபடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன்பக்கத்தில் ஒன்று விறைத்து நின்றது. "ஒசரம் கூடுனா இதுவும் நீளணும். இதை மறந்தா பிரேக்கே இருக்காது" என்று நீளமானதாக மாற்றினார். கடைசியாக இடது பக்கம் படியை வைத்துப் பற்றவைத்தார்கள். என்னைவிட அவர்தான் அதிகம் துள்ளினார். கடைவாசலில் எட்டுப் போட்டு ஓட்டச் சொல்லி, பின்னாலேயே ஓடி வந்து சக்கரத்தைப் பார்த்தார்.

இப்போது அந்தக் கடை இல்லை. கணவருக்கு மூச்சுத் தொந்தரவு வந்ததும் மகள் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தாமல் என்னால் தாண்டிப்போக முடிவதில்லை.

அந்த வருசம் ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் அக்கா எங்கள் வாசலில் நின்றார். மழைக்குத் தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார். "நல்லா பெஞ்சிருக்கா? வா வா, போவோம்!" என்றார். செல்வி படியில் வலது காலை வைத்து, கம்பியைப் பிடித்து, தானே ஏறினாள். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். மடியில் பிள்ளைகளுக்கான முட்டைத் தட்டு. அக்கா பின்னால் எம்பி ஏறினார்.

கண்மாய்க் கரை தாண்டியது. சக்கரம் களியில் இறங்கியது, இறங்கியது, கெட்டித் தரையைப் பிடித்தது! மண் அப்பிக்கொண்டு மேலே வந்து, மட்கார்டில் நிற்காமல் கட்டி கட்டியாகத் தெறித்து விழுந்தது. "அழுத்தாத, அழுத்தாத, ஒரே சீரா விடு!" என்று அக்கா என் தோளில் அடித்தார். செல்வி முட்டையை அணைத்துக்கொண்டு, "அண்ணே, போகுதுண்ணே!" என்று கத்தினாள். நானும் எதையோ கத்தினேன்.

பாதி வழியில் ஒரு கார் முன்சக்கரம் வரை புதைந்து நின்றது. டிரைவர் தலையில் கைவைத்து நின்றார். பக்கத்தில், செருப்பைக் கையில் பிடித்தபடி அதிகாரியம்மா. தரைப்பாலம் முழுகியதால் எங்கள் ஊர் வழியாக, செல்வி பால்வாடியைத் திறந்திருக்கிறாளா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

செல்வியின் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு முட்டைத் தட்டை என் மடியில் வைத்தாள்.

"வணக்கம் மேடம். மணி ஒம்பதே முக்கால். பத்துக்குள்ள தொறக்கணும். ஏறுங்க."

அவர் வண்டியைப் பார்த்தார், படியைப் பார்த்தார், செல்வியின் காலைப் பார்த்தார். சேற்றில் நின்ற காலை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்.

"வலது கால அந்தப் படியில வைங்க. பயப்படாதீங்க, பலமானது. கையைக் குடுங்க." செல்வி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவரை இழுத்து மேலே ஏற்றித் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

பின்னாலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். அக்கா குதித்து இறங்கியிருந்தார்.

"ஏன்க்கா?"

"நான் மூணு பேருக்குத்தான் அளந்தேன் தம்பி. நாலாவது ஆளு ஏறுனா பின்பக்கம் அமுங்கி மண்ணு அடைக்கும். நீ விடு, நான் நடந்து வாரேன்!"

விட்டேன். அக்கா ஒரு சாண் சேற்றில் சேலையைச் செருகிக்கொண்டு, சக்கரத்தைப் பார்த்தபடியே பக்கத்தில் கொஞ்ச தூரம் ஓடி வந்தார். பிறகு பின்தங்கினார். மழையில் அவருடைய கூச்சல் மட்டும் தொடர்ந்து வந்தது.

"யாரும்மா அவங்க?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

"எல்லாரும் வண்டிக்குத்தான் மேடம் அளவெடுப்பாக. அவுக எனக்கு அளவெடுத்தவுக" என்றாள் செல்வி.

எனக்குக் கண்ணீரில் பாதை மங்கியது, மழை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். ஊர் தெரிந்தது. சாக்குக் கொங்காணி போட்ட சின்னச் சின்ன உருவங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றன. செல்வி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் படியில் கால் வைத்து இறங்கி, நடந்து போய்ப் பூட்டைத் திறந்தபோது பத்தாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.